கனத்த குரலாகப் பார்த்து அனுப்பு

மகள்மேல் கொண்ட கோபத்தில்தான் மாமா பேச்சைக் குறைத்துக்கொண்டார் என்று எங்கள் குடும்பத்தில் எல்லோரும் நம்பியிருந்தோம். மாமா என்றால் என் அக்காவின் கணவர். அவர்களுடைய ஒரே மகள் தான் விரும்பியவரைத் திருமணம் செய்துகொண்டு ஓசூருக்குக் குடிபோன பிறகு, ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் அழைக்கும்போதெல்லாம் அவர் கைபேசியை வாங்கி, "ம், நல்லாருக்கேன். இந்தா, அம்மாட்ட பேசு" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவார். திருமணத்தை அவர்தான் முன்நின்று நடத்தினார். மருமகனை மரியாதையாகவே விசாரிப்பார். ஒரு கடுஞ்சொல்லும் சொன்னதில்லை. அப்படியிருந்தும், சொல்லாமல் உள்ளே வைத்திருக்கும் கோபம்தான் ஆறாது என்று உறவினர்கள் தீர்மானித்துவிட்டார்கள். மகளுக்கும் அதே எண்ணம். "அப்பாவுக்கு எம்மேல மனசு ஆறல சித்தி. ஆறுறப்போ ஆறட்டும்" என்று என்னிடம் சொல்லுவாள். அவள் குரல் மெல்லியது, வேகமானது. அந்தச் சொற்களைச் சொல்லும்போது இன்னும் மெல்லியதாகிவிடும்.

அவருக்குக் காது கொஞ்சம் மந்தம் என்பது தெரியாத செய்தி அல்ல. ஆனால் தெருமுனையில் திரும்பும் பேருந்தின் ஒலிப்பான் அவருக்குக் கேட்கும். பச்சைமலைப் பக்கம் இடி இறங்கினால் எங்களுக்கு முன்பாக அவர் தலையைத் திருப்புவார். அடுத்த காட்டுக்காரர் வரப்பில் நின்று கூப்பிட்டால் பதில் குரல் கொடுப்பார். ஆகவே, "வேணுங்கிறது மட்டும் அவருக்குக் கேக்கும்" என்று அக்காவே சிரித்துக்கொண்டு சொல்லிவந்தாள்.

வேப்பந்தட்டையைச் சுற்றியுள்ள மானாவாரிக் காடுகளில் மாமா இறக்காத ஆழ்துளைக் கிணறு குறைவு. போர் வண்டியில் துளையிடுபவராகவே அவருடைய வேலைக்காலம் முழுவதும் கழிந்தது. அந்த வண்டியின் அருகில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும்: கம்ப்ரசரின் இரைச்சலும் பாறையைக் குத்தும் சுத்தியலின் அதிர்வும் சேர்ந்து, பக்கத்தில் நிற்பவர் வாய் அசைவதைத்தான் பார்க்க முடியும். அங்கே வேலை செய்பவர்கள் வாயால் பேசுவதில்லை. விரலைச் சுழற்றினால் ஓட்டு, மூடிய கையை உயர்த்தினால் நிறுத்து, உள்ளங்கையைக் கீழ்நோக்கிக் காட்டினால் மெதுவாக. வீட்டிலும் மாமா பாதிப் பேச்சை இந்தச் சைகைகளில்தான் பேசினார். காதை அடைத்துக்கொள்ளப் பஞ்சு கொடுத்தாலும் வைத்துக்கொள்ள மாட்டாராம். பாறை மாறும்போதும் இடுக்கு வரும்போதும் சுத்தியலின் ஒலி மாறும் என்பதும், அதைக் கேட்டுத்தான் நிறுத்துவதா தொடர்வதா என்று முடிவெடுக்க முடியும் என்பதும் அவர் கட்சி. மற்றவர் நிலத்தின் தண்ணீருக்காகத் திறந்தே வைத்திருந்த காதுகள் அவை.

இனி நானும் அக்காவும் பாட்காஸ்ட் பரிமாறிக்கொண்ட கதைக்கு வருகிறேன். நான் பெரம்பலூரில் குடியிருந்து, அரியலூரில் ஒரு கல்லூரி நூலகத்துக்குத் தினமும் பேருந்தில் போய்வருகிறவள். சிமெண்ட் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து செல்லும் அந்தப் பயணத்தில் புத்தகம் படித்தால் தலை சுற்றும். அதனால் காதில் கேட்கத் தொடங்கினேன். அக்கா வேப்பந்தட்டையில் பள்ளி ஆசிரியை. சிறுமிகளாக இருந்தபோது வாரப் பத்திரிகை வந்தால் யார் முதலில் படிப்பது என்று அடித்துக்கொண்டவர்கள், நடுவயது கடந்த பிறகு ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்து அனுப்பிக்கொண்டோம்.

அதற்கு அக்கா இரண்டு விதிகள் வகுத்திருந்தாள். முழுவதும் கேட்காமல் எதையும் அனுப்பக் கூடாது. கேட்டபோது என்ன வேலை செய்துகொண்டிருந்தோம் என்று ஒரு வரி எழுத வேண்டும். இரண்டாவது விதி எதற்கு என்று முதலில் எனக்கு விளங்கவில்லை. பிறகு அதன் அருமை தெரிந்தது. ஓய்வு பெற்றவர்களிடம் போய் அவர்களுடைய முதல் வேலைநாளைப் பற்றி மட்டும் கேட்டுப் பதிவு செய்யும் ஒரு பெண்ணின் நிகழ்ச்சியில் தபால்காரர் ஒருவர் பேசிய பகுதியை அனுப்பியபோது, அக்கா எழுதினாள்: "சின்ன வெங்காயம் உரிச்சுக்கிட்டே கேட்டேன். அழுதது அந்த தபால்காரருக்கா, வெங்காயத்துக்கான்னு தெரியல." இன்றும் அந்த நிகழ்ச்சியை நினைத்தால் அக்காவின் சமையலறைதான் எனக்கு நினைவில் எழுகிறது. முன்பின் அறியாத மனிதர்கள் தங்கள் அறையில் தனியாக உட்கார்ந்து, கேட்பவர் யாரென்று தெரியாமலே இவ்வளவு அக்கறையாகப் பேசுகிறார்களே என்ற வியப்பு எங்கள் இருவருக்கும் தீர்ந்ததே இல்லை.

ஒரு சனிக்கிழமை நான் அக்கா வீட்டில் இருந்தேன். அறுவடை முடிந்து, விதைக்கு வேண்டிய வெங்காயத்தை முற்றத்தில் கொட்டித் தரம் பிரித்துக்கொண்டிருந்தோம். மாமாவும் எதிரே உட்கார்ந்திருந்தார். எங்கள் பேச்சில் கலந்துகொள்ளவில்லை. அக்கா கைபேசியை ஒரு காலியான எவர்சில்வர் குண்டானுக்குள் நிறுத்திவைத்தாள். ஒலிபெருக்கிக்கு அவள் கண்ட மாற்று அது. பொதுப்பணித் துறையில் பொறியாளராக இருந்து ஓய்வுபெற்ற ஒருவர் ஏரிகளையும் கிணறுகளையும் பற்றிப் பேசும் நிகழ்ச்சி ஓடியது. அடிவயிற்றிலிருந்து வரும் கனத்த குரல். ஏரிக்கரையில் நம்மோடு நடந்துகொண்டே சொல்பவரைப்போல, ஒரு வாக்கியம் முழுதாக இறங்கிய பிறகே அடுத்ததை எடுப்பார்.

திடீரென்று மாமா பேசினார். "அரியலூர் பக்கம் சுண்ணாம்பு. நம்ம பக்கம் கருங்கல்லு. ரெண்டுக்கும் ஒரே கணக்கா சொல்றாரே இவரு. நேர்ல வந்து பாத்தா தெரியும்."

அவ்வளவு நீளமாக அவர் பேசிக் கேட்டு வெகுகாலம் ஆகியிருந்தது. நான் அக்காவைப் பார்த்தேன். அவள் வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பகுதி முடிந்ததும் இரண்டு தோழிகள் சிரித்துச் சிரித்துப் பேசும் வேறொரு நிகழ்ச்சி தானாகத் தொடங்கியது. நான் சிரித்தேன். மாமா முகத்தில் ஒன்றும் இல்லை. அக்கா அதை நிறுத்தி, மறுபடியும் பொறியாளரைப் போட்டாள். மாமாவின் தலை மெல்ல நிமிர்ந்தது.

அடுத்த வாரம் அக்காவிடமிருந்து அழைப்பு வந்தது. "இனிமே கனத்த குரலா, நிதானமா பேசுறவங்களாப் பாத்து அனுப்புடி."

"என்ன விஷயமா வேணும்?"

"விஷயம் எதுவா இருந்தா என்ன? குரலு நல்லா இருக்கணும்."

"ஏன்க்கா, இந்த வயசுலயா?"

"வாயக் கழுவு. அனுப்புன்னா அனுப்பு."

புத்தகத்தை உள்ளடக்கம் பார்த்துத் தேர்ந்தெடுத்தே பழகியவள் நான். குரலை மட்டும் வைத்துத் தேடுவது புதிய வேலையாக இருந்தது. பேருந்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தட்டி, சிறிது கேட்டு, மெல்லிய குரல்களைத் தள்ளிக்கொண்டே போவேன். அப்படித் தேடியதில், நானாக ஒருநாளும் திறந்திருக்க மாட்டாத கதவுகள் திறந்தன. நாட்டுமாடு வாங்கும்போது பார்க்க வேண்டிய குறிகள், பழைய வானொலிப் பெட்டிகளைப் பழுதுபார்ப்பது, கப்பலில் சமையற்காரராக இருந்தவரின் நினைவுகள், கல்வெட்டு படியெடுப்பது என்று எத்தனை மனிதர்கள், எத்தனை உலகங்கள். கப்பல் சமையற்காரர் அலையில் சாம்பார் கொதிக்கவைக்கும் விதத்தை விவரித்ததில் நான் இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தவறவிட்டேன்.

அக்காவிடமிருந்து மதிப்புரைகள் வந்தபடி இருந்தன. "மாட்டுக்காரரு பரவால்ல." "கல்வெட்டுக்காரரு நல்ல குரல்தான், ஆனா பின்னாடி வீணை போடுறாங்க, எல்லாம் குழம்புது." "பங்குச்சந்தைக்காரரு மூச்சுக்கு மூச்சு 'ஓகேவா'ங்குறாரு. மாமா 'எதுக்கு ஓகே'ன்னு திருப்பிக் கேக்குறாரு." அவள் என்ன செய்துகொண்டிருந்தாள் என்பதை அவள் சொல்லும்வரை நான் ஊகிக்கவில்லை.

சொன்னது சிறுவாச்சூரில். ஒரு வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போயிருந்தோம். மாவிளக்குக்காகப் பெண்கள் அங்கேயே அரிசியை உரலில் போட்டு இடித்துக்கொண்டிருந்தார்கள். கூட்டத்தின் பேச்சொலி ஒரு பக்கம், உலக்கை விழும் ஒலி ஒரு பக்கம். அக்கா என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"இந்த உலக்க சத்தம் இருக்குல்ல, இது மாமாவுக்குக் கேக்கும். இதோ இந்தப் பொம்பளைங்க பேசுறது கேக்காது. நான் பேசுறதே பாதிதான் கேக்குது. கோவமும் இல்ல ஒண்ணும் இல்லடி. அவருக்கு அந்தப் புள்ள குரலு காதுலயே ஏறல."

பிறகுதான் விவரமாகச் சொன்னாள். ஆழ்ந்த ஆண்குரல் என்றால் கேட்கிறார். பெண்களில் கனத்த குரலில் பேசுபவர்கள் என்றால் கொஞ்சம் பிடிபடுகிறது. சிறு குழந்தைகள் பேசினால் ஒன்றும் இல்லை. வேகமாகப் பேசினால் யார் பேசினாலும் இல்லை. ஒவ்வொரு குரலையும் குண்டானுக்குள் வைத்து, அவர் முகத்தை ஓரக்கண்ணால் பார்த்து, கோடை முழுவதும் இதைச் செய்திருக்கிறாள். அவரைச் சோதிக்கிறோம் என்று அவருக்குத் தோன்றிவிடாதபடி, தனக்குப் பொழுதுபோகவில்லை என்று சொல்லிச் செய்திருக்கிறாள். எழுத்துக் கூட்டத் திணறும் பிள்ளையிடம் எந்த எழுத்து நிற்கவில்லை என்பதை அந்தப் பிள்ளைக்கே தெரியாமல் கண்டுபிடிக்கும் ஆசிரியை அவள். அந்தப் பொறுமையை நான் படித்த எந்தப் புத்தகத்திலும் கண்டதில்லை.

முடிவு தெரிந்த பிறகு அவரிடம் நேராகவே கேட்டிருக்கிறாள், தன் குரலைக் கனமாக்கி, முகத்துக்கு முன் நின்று. "கேக்கலைன்னா ஒரு வார்த்த சொல்ல வேண்டியதுதானங்க?"

"யாருட்ட சொல்ல? காது போன டிரில்லர எவன் வேலைக்குக் கூப்புடுவான்?"

"வேலைய வுட்டு எத்தன நாளாச்சு?"

"பழக்கம் வுடல."

"சரி, அந்தப் புள்ளகிட்ட ஏன் பேசாம போனக் குடுத்துடுறீங்க?"

மாமா சொன்னாராம்: "அவ எங்கிட்ட வாய்க்குள்ளயே பேசுறா. எம்மேல வருத்தம்போல. பேச இஷ்டமில்லாதவள எதுக்குப் பேசச் சொல்லித் தொந்தரவு பண்ணணும்?"

அப்பா கோபித்துக்கொண்டிருக்கிறார் என்று மகளும், மகள் வருத்தத்தில் இருக்கிறாள் என்று அப்பாவும் நம்பிக்கொண்டு, இரண்டு பேரும் மற்றவரைத் தொந்தரவு செய்யாமல் அத்தனை ஞாயிற்றுக்கிழமைகளைக் கழித்திருக்கிறார்கள்.

திருச்சிக்கு அழைத்துப்போய்ச் செவியைச் சோதித்தார்கள். உயர்ந்த சுருதி ஒலிகள் போய்விட்டன, தாழ்ந்தவை மிஞ்சியிருக்கின்றன என்று மருத்துவரும் சொன்னார். காதுக்கருவி வாங்கினார்கள். சில நாளில் அது பீரோவுக்குள் போய்விட்டது. "தட்டு சத்தம், காக்கா சத்தம், உன் வளையல் சத்தம், எல்லாம் ஒண்ணா வருது. மறுபடி வண்டி பக்கத்துல நின்ன மாதிரி இருக்கு" என்றார். அதற்குமேல் அவரை வற்புறுத்தி எதையும் செய்யவைக்க முடியாது.

மகளிடம் அக்கா எல்லாவற்றையும் சொன்னாள். "நான் என்னம்மா செய்யணும்?" என்று மகள் கேட்டாள்.

"பாட்காஸ்ட் மாதிரி பேசி அனுப்பு."

அவள் அனுப்பிய முதல் பதிவு ஒரே கூச்சல். அப்பாவுக்குக் கேட்கவேண்டுமே என்று அடிவயிறு நோகக் கத்தியிருந்தாள். அக்கா அதை மாமாவுக்குப் போட்டுக் காட்டவே இல்லை. எனக்கு அனுப்பிவிட்டு, மூவரையும் இணைத்து அழைத்தாள்.

"கத்துனா குரலு மேலதான் போவுது. கீழ எறக்கு."

"நான் என்ன ஆம்பளையாம்மா, எறக்குறதுக்கு?"

"சளி புடிச்சா எப்படிப் பேசுவ? அப்படிப் பேசு."

"சித்தி, உங்க அக்காவக் கொஞ்சம் கேளுங்க."

"அவ சொல்றது சரிதான்டி" என்றேன். "ஒரு வாக்கியம் முடிஞ்சு மூச்சு விட்டுட்டு அடுத்தத எடு. பொறியாளரு பேசுறத அனுப்புறேன், கேட்டுப்பாரு."

அனுப்பினேன். அக்காவின் விதிப்படி, அதைக் கேட்டபோது என்ன செய்துகொண்டிருந்தேன் என்றும் எழுதினேன். அவள் அதைக் கேட்டுக் கேட்டுப் பழகினாள். அடுக்ககத்தின் கீழே நிறுத்தியிருக்கும் காருக்குள் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு உட்கார்ந்தால் எதிரொலி வராது என்று அவளே கண்டுபிடித்தாள். சில பதிவுகளை அக்கா திருப்பி அனுப்பினாள். ஒரு பதிவை வைத்துக்கொண்டாள்.

அதைப் போட்ட ஞாயிற்றுக்கிழமை நானும் அங்கே இருந்தேன். "புதுசா ஒண்ணு வந்துருக்குங்க" என்று மட்டும் சொல்லி, அக்கா கைபேசியைக் குண்டானுக்குள் வைத்தாள். தாழ்ந்த, நிதானமான ஒரு பெண்குரல் தன் குடியிருப்பைப் பற்றிச் சொல்லத் தொடங்கியது. போர் வற்றிவிட்டது. காலையில் தண்ணீர் லாரி வருகிறது. லாரிக்காரரிடம் எல்லோரும் தேனாகப் பேசுகிறார்கள். பிறகு கூட்டம் போட்டு, புதிய இடம் பார்த்துத் துளையிட்டார்கள். வெறும் புழுதிதான் வந்தது.

மாமா கையிலிருந்த தேநீரைக் கீழே வைத்தார். "யாரு இந்தப் பொண்ணு? வெவரமாப் பேசுது."

"முழுசும் கேளுங்க" என்றாள் அக்கா.

குரல் தொடர்ந்தது. "புழுதி பறப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தேன், அந்த வாடை எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும், எங்கப்பா வேலையிலிருந்து வரும்போது அவர் சட்டையில் அந்த வாடைதான் இருக்கும், எங்கப்பா வேப்பந்தட்டையில் போர் வண்டியில் இருந்தவர்" என்றது.

மாமாவின் மூடிய கை உயர்ந்தது. அக்கா நிறுத்தினாள். அவர் குண்டானைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். நான் எழுந்து உள்ளே போகலாமா என்று நினைத்தேன். போகவில்லை. சிறிது நேரம் கழித்து அவர் விரல் காற்றில் ஒருமுறை சுழன்றது. அக்கா மறுபடியும் முதலிலிருந்து போட்டாள்.

முடிந்த பிறகு அவர் சொன்னது இவ்வளவுதான்: "இவ்ளோ நல்லாப் பேசுவாளா அவ?"

அன்று மாலையே பதில் சொல்ல வேண்டும் என்றார். அக்கா கைபேசியை அவர் முன்னால் பிடித்தாள். வண்டிக்கு அந்தப் பக்கம் நிற்பவனிடம் பேசும் குரலில், எந்த இடத்தில் துளையிட்டார்கள், பொடி என்ன நிறத்தில் வந்தது, பக்கத்துக் கட்டடத்துக் கிணறு எவ்வளவு தூரம், யார் இடம் பார்த்துச் சொன்னது என்றெல்லாம் வரிசையாகக் கேட்டார். கடைசியில், "அந்த எடம் பாத்துச் சொன்னவனுக்கு இன்னொரு தடவ காசு குடுக்காதீங்க" என்று முடித்தார். நலம் விசாரிக்கவில்லை. அவள் மறுநாள் என்னிடம், "காது கிழிஞ்சுபோச்சு சித்தி" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். பிறகு, "ஒம்பது கேள்வி கேட்டுருக்காரு. எண்ணிப் பாத்தேன்" என்றாள்.

அதன்பின் வாராவாரம் பதிவுகள் போவதும் வருவதுமாக இருந்தன. அவள் பேசப் பேச அவருக்குப் பேராசை வந்தது. சில சொற்கள் நழுவுகின்றன என்று குறைபட்டார். ஒருநாள் தாமாகவே பீரோவைத் திறந்து கருவியை எடுத்துக்கொண்டு, அக்காவுடன் திருச்சிப் பேருந்தில் ஏறினார். கருவியைச் சரிசெய்பவரிடம் கைபேசியை நீட்டி, "காக்கா சத்தமெல்லாம் எனக்கு வேணாம் சார். இந்தக் கொரலு தெளிவா கேக்குற மாதிரி வச்சுக் குடுங்க" என்று சொல்லியிருக்கிறார். கருவிக்காரர் பொறுமையாகப் பதிவைப் பலமுறை ஓடவிட்டு, அந்தக் குரலுக்கு ஏற்றபடி வைத்துக் கொடுத்தாராம். அக்கா இதைச் சொல்லும்போது, தன் குரலுக்கும் சேர்த்து வைக்கச் சொல்லவில்லையே என்று சண்டை போட்டதாகவும் சொன்னாள். "உன் கொரலுதான் எனக்கு மனப்பாடமாச்சே" என்று சமாளித்தாராம்.

ஓய்வுபெற்ற பொறியாளரின் நிகழ்ச்சி நின்று நாளாகிறது. ஏன் நிறுத்தினார், எப்படி இருக்கிறார் என்று தெரியவில்லை. தம் குரல் ஒரு வீட்டில் என்ன செய்தது என்பது அவருக்கு ஒருநாளும் தெரியப்போவதில்லை. கப்பல் சமையற்காரரும் பேசுவதை விட்டுவிட்டார். இரண்டு தோழிகளில் ஒருவர் மட்டும் எப்போதாவது தனியாக வருகிறார். நான் அரியலூர்ப் பேருந்தில் இன்னும் புதியவர்களைத் தேடுகிறேன். அக்கா முன்போல உடனுக்குடன் கேட்பதில்லை. பள்ளி வேலை முடிந்து ஓய்வுபெற்றுவிட்டாள். பேச ஆள் இருக்கும்போது எதற்குக் கேட்க வேண்டும் என்கிறாள்.

இப்போது வேப்பந்தட்டை வீட்டில் அக்காவும் மாமாவும் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் மகள் குரலோடு மூன்று பேர்.